கருப்பட்டி சோப்பில் கருப்பட்டி எங்கே இருக்கிறது?

வள்ளியூர்க்காரி, 21 ஏப்ரல் 2024, காலை 10.15

போன மாதம் ஒரு கண்காட்சியில் கருப்பட்டி சோப்பும், டப்பாவில் அடைத்த சீனி ஸ்கிரப்பும் (தோலில் தேய்த்துக் கழுவும் கலவை) வாங்கினேன். சோப்பு நல்ல பழுப்பு நிறத்தில் இருக்கிறது. குளியலறைக் கதவைத் திறந்தாலே கருப்பட்டிப் பாகு காய்ச்சும் வாசனை வருகிறது. வாசனை இவ்வளவு நாள் நிற்கிறது என்றால் கருப்பட்டி நிறையச் சேர்த்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்? இனிப்பான பொருள்கள் எல்லாம் சருமத்துக்கு இயற்கையாகவே நல்லவை என்று விற்றவர் சொன்னார். பொருநைக்கரை அக்கா சோப்பு செய்கிறவர், வேதியியலும் படித்தவர். அவர் என்ன நினைக்கிறார் என்று அறிய விரும்புகிறேன்.

பொருநைக்கரை, 21 ஏப்ரல் 2024, இரவு 9.40

தங்கச்சி, வாசனை நிற்பதைக் கொண்டு கருப்பட்டியின் அளவைக் கணிக்க முடியாது. சோப்பு விஷயத்தில் அந்த வாசனை நிலைத்து நிற்பதுதான் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது.

ஒரு பொருள் மணக்க வேண்டுமென்றால் அதன் மூலக்கூறுகள் காற்றில் எழுந்து மூக்கை அடைய வேண்டும். நன்றாகச் சுத்திகரித்த சீனியின் மூலக்கூறு கனமானது, தன்னைப் போன்ற மற்ற மூலக்கூறுகளோடு இறுகப் பிணைந்து கிடப்பது. அது ஆவியாவதில்லை, ஆகவே மணப்பதும் இல்லை. கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சீனிப் பொருளான சுக்ரோஸ்தான். நாம் முகர்கிற மணம் சர்க்கரையின் மணம் அன்று. பதநீரைக் காய்ச்சும்போது அதிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வெப்பத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து உண்டாக்குகிற மிகச் சிறிய அளவிலான பொருள்களின் மணம் அது. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் தடவுகிற சுண்ணாம்பின் காரத்தன்மையும் இந்த வினைக்குத் துணை செய்கிறது.

திசையன்விளைப் பக்கத்தில் என் அத்தை வீட்டுக்கு அருகே ஒரு விடிலி (பதநீர் காய்ச்சும் கொட்டகை) இருந்தது. பனை மட்டையை எரித்துக் காய்ச்சுவார்கள். பதநீர் நீர்த்திருக்கும் வரை வருவது வெறும் நீராவியும் புகையும்தான். கூப்பனி எனும் கெட்டிப் பாகுப் பதம் நெருங்கி, குமிழிகள் பெரிதாகி, துடுப்பில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வழியத் தொடங்கும்போதுதான் அந்த மணம் திடீரென்று எழும். பிறகு சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவார்கள். நீரெல்லாம் போய் வெப்பம் ஏறும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் மணமும் நிறமும் பிறக்கின்றன.

அந்தக் கருப்பட்டியைக் கொண்டுபோய், எண்ணெயைச் சோப்பாக்கும் காரமான காஸ்டிக் சோடாவின் கரைசலோடு சேர்த்தால் என்ன ஆகும்? நானே பலமுறை சேர்த்திருக்கிறேன். கருப்பட்டியிலுள்ள சிறிதளவு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் காரத்தில் சிதைந்து கரும்பழுப்பாகின்றன. விடிலியில் எழுந்த மென்மையான மணம் காணாமல் போய், முதல் நாள்களில் சற்றுக் கருகிய வாடை வரும், பிறகு அதுவும் அடங்கிவிடும். நான்கு முதல் ஆறு வாரம் உலரவிட்டு எடுத்த சோப்பை முகர்ந்தால் எண்ணெய்ச் சோப்பின் மணம்தான் தெரியும், கருப்பட்டியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். குளியலறைக் கதவைத் திறந்ததுமே வந்து மோதுகிற மணம் கருப்பட்டியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அது தனியாகச் சேர்த்த வாசனைப் பொருளாகவே இருக்கும்.

பொருநைக்கரை, 22 ஏப்ரல் 2024, காலை 6.50

அப்படியானால் சோப்பில் சர்க்கரைக்கு வேலையே இல்லையா என்று நேற்றிரவு ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். உண்டு, நிறையவே உண்டு.

சர்க்கரை மூலக்கூறு முழுவதும் நீரைப் பற்றிக்கொள்ளும் கைகள் இருக்கின்றன. சோப்புக் கலவையில் கரைத்துச் சேர்த்தால் நுரை பெருகும், சோப்பு நீரில் எளிதாகக் கரையும். தேங்காய் எண்ணெய் குறைவாகவும் கடினக் கொழுப்பு அதிகமாகவும் உள்ள சோப்புகளில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ஒரு கிலோ எண்ணெய்க்கு 20 முதல் 30 கிராம் வரை சீனி போதும். அதற்கு மேல் போனால் கலவை மிகவும் சூடாகும். அச்சைத் துணியால் போர்த்தி வைத்தால் நடுப்பகுதி மட்டும் கூழாகிக் கருத்து, மேற்பரப்பு நீளவாக்கில் வெடிக்கும். தேன் சேர்த்தாலும் இதே நிலைதான்.

கண்ணாடி போலத் தெரியும் சோப்புகளிலும் இனிப்பான பொருள்களுக்குப் பங்கு உண்டு. 1807ஆம் ஆண்டு லண்டனில் ஆண்ட்ரூ பியர்ஸ் ஒளி ஊடுருவும் சோப்பை விற்கத் தொடங்கினார். இன்று அவ்வகைச் சோப்பை வீட்டில் செய்பவர்கள் ஆல்கஹாலோடு கிளிசரினும் சீனிப்பாகும் சேர்க்கிறார்கள். இவை சோப்பு பெரிய படிகங்களாக உறைவதைத் தடுக்கின்றன, அதனால் ஒளி சிதறாமல் கடந்து போகிறது.

கிளிசரினும் நாக்கில் இனிப்பதுதான். 1779இல் கார்ல் ஷீலே ஆலிவ் எண்ணெயைக் காரீய ஆக்சைடோடு சூடாக்கியபோது கிடைத்த இனிப்பான திரவம் இதுவே. எண்ணெய் சோப்பாகும் ஒவ்வொரு முறையும் எண்ணெயின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கிளிசரின் தானாகவே உண்டாகிறது. பெரிய ஆலைகள் அதைப் பிரித்தெடுத்து வேறு பொருள்களுக்குப் பயன்படுத்துகின்றன. வீட்டுச் சோப்பில் அது உள்ளேயே தங்கிவிடுகிறது. வீட்டுச் சோப்பு போட்டுக் குளித்த பின் தோல் அவ்வளவாக இழுக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். இதற்குக் கருப்பட்டியும் வேண்டாம், சீனியும் வேண்டாம்.

பொருநைக்கரை, 25 ஏப்ரல் 2024, இரவு 10.20

வள்ளியூர்த் தங்கச்சி சோப்பு உறையின் படத்தை அனுப்பியிருக்கிறார். உட்பொருள் பட்டியலில் கருப்பட்டி ஐந்தாவதாக இருக்கிறது, கடைசியில் ‘பர்ஃபியூம்’ என்ற ஒற்றைச் சொல் இருக்கிறது. அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை பொருள்கள் வேண்டுமானாலும் அடங்கியிருக்கலாம். இனிப்பு வாசனை என்றால் பெரும்பாலும் மூன்று பொருள்கள் நினைவுக்கு வர வேண்டும்.

முதலாவது வனிலின். 1858இல் வனிலாக் காயிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. 1874இல் ஜெர்மனியில் டீமானும் ஹார்மானும் ஊசியிலை மரங்களில் கிடைக்கும் கோனிஃபெரின் என்ற பொருளிலிருந்து அதைச் செய்து காட்டினார்கள். இன்று உலகில் விற்கப்படும் வனிலினில் மிகப் பெரும்பகுதி ஆலையில் செய்யப்படுவது. இரண்டாவது கூமரின். டோங்கா விதையில் இருப்பது, காய்ந்த வைக்கோலும் பாதாமும் கலந்தது போன்ற இனிய மணம் கொண்டது. 1868இல் வில்லியம் பெர்கின் அதை ஆய்வகத்தில் செய்தார். மூன்றாவது எத்தில் மால்டால். இதுதான் மிட்டாய்க் கடை மணம். பஞ்சுமிட்டாய், கருகத் தொடங்கும் சீனிப்பாகு, ஜாம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நினைவூட்டும். இது இயற்கையில் கிடைப்பதில்லை. இதன் உறவுப் பொருளான மால்டால் மட்டும் வறுத்த மால்ட்டிலும் (முளைகட்டிய பார்லி) ஊசியிலை மரங்களிலும் உண்டு. 1992இல் வெளிவந்த தியெரி மூக்ளரின் ஏஞ்சல் என்ற வாசனைத் திரவியம் எத்தில் மால்டாலை அள்ளிப் போட்டு, மிட்டாய் மணத்தையே ஒரு வகையாக உலகெங்கும் பரப்பியது. இன்று ஷாம்பு முதல் உதட்டுச் சாயம் வரை நாம் முகர்கிற கேரமல் மணத்துக்கு அந்த வழிதான் முன்னோடி.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வனிலின் சேர்த்த வெள்ளைச் சோப்பு வெளிச்சத்திலும் காரத்திலும் நாளாக நாளாகப் பழுப்பாகும். முதலில் வெட்டிய ஓரங்கள் தேநீர் நிறம் கொள்ளும், பிறகு அது உள்ளே இறங்கி, சில வாரங்களில் முழுக்கட்டியும் கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிடும். ஒரு கட்டியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளியே கரும்பழுப்பும் நடுவே இளமஞ்சளுமாக, நிறம் எந்தத் திசையில் நகர்கிறது என்பது தெளிவாகத் தெரியும். கருப்பட்டியைக் கரைத்துச் சேர்த்த சோப்பில் அப்படி அடுக்கு இருக்காது, தொடக்கத்திலிருந்தே நிறம் சீராகப் பரவியிருக்கும். தங்கச்சி, உங்கள் சோப்பைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் படம் அனுப்புங்கள். முழுவதும் ஊறிவிட்ட பழைய கட்டியாக இருந்தால் இந்தச் சோதனை உதவாது, புதிய கட்டியில் உதவும்.

பொருநைக்கரை, 26 ஏப்ரல் 2024, காலை 7.05

நேற்று எழுதியதைப் படித்த சிலர், ஆலையில் செய்த வாசனை என்றாலே நஞ்சு என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. காயில் உள்ள வனிலினும் ஆலையில் செய்த வனிலினும் ஒரே மூலக்கூறுதான். ஒவ்வாமை உள்ளவருக்கு இரண்டுமே ஒவ்வாது, மற்றவருக்கு இரண்டுமே தீங்கு செய்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் கூமரின் உள்ளிட்ட 26 வாசனைப் பொருள்களை, தோலில் தங்கும் பூச்சில் 0.001 விழுக்காட்டுக்கும் கழுவிவிடும் பொருளில் 0.01 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தால், பெயர் சொல்லி உறையில் அச்சிட வேண்டும் என்று விதி செய்தார்கள். 2023இல் அந்தப் பட்டியலை இன்னும் பெரிதாக நீட்டினார்கள். நஞ்சு என்பதற்காக அப்படிச் செய்யவில்லை. ஒவ்வாதவர் தன் பொருளை அடையாளம் கண்டு விலகிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே செய்தார்கள். நம் ஊர் உறைகளிலும் அந்த விவரம் வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

பொருநைக்கரை, 2 மே 2024, பிற்பகல் 3.30

சீனி ஸ்கிரப்பைப் பற்றி இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

சீனி ஒரு நல்ல தேய்ப்பான், ஏனென்றால் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கரைகிறது. வால்நட் ஓட்டுத் தூள் கரையாது, பிளாஸ்டிக் மணிகள் கரையவே கரையாது. அமெரிக்கா 2015இல் தனிச்சட்டம் இயற்றி அந்த மணிகளைக் கழுவும் பொருள்களிலிருந்து விலக்கியது. சீனியோ சாக்கடையில் இறங்குவதற்கு முன்பே நீரில் கரைந்துவிடும். எண்ணெயோடு குழைத்துப் பாதத்திலும் முழங்கையிலும் தேய்த்துக் கழுவினால் தோல் வழவழப்பாக இருப்பது உண்மைதான். வழவழப்பில் ஒரு பங்கு தங்கிப்போன எண்ணெயினுடையது என்பதையும் மறக்கக் கூடாது.

முகத்தில் தேய்ப்பதை நான் ஏற்பதில்லை. கடைச் சீனியில் எம் 30, எஸ் 30 என்று மூட்டையில் தரம் எழுதியிருப்பார்கள். எம் நடுத்தர மணி, எஸ் சிறிய மணி. இரண்டையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றும் கூர்மையான விளிம்புகள் கொண்ட கட்டமாகத் தெரியும். குதிகாலின் தடித்த தோலுக்கு அந்த விளிம்பு பொருந்தும். கன்னத்தின் மெல்லிய தோலில், அதுவும் பரு உள்ள இடத்தில், கீறலைத்தான் உண்டாக்கும். அரைத்த சீனி முகத்துக்கு மென்மையானது என்றாலும், அது தேய்க்கும் முன்பே கரைந்துவிடுகிறது.

சீனியில் கிளைகாலிக் அமிலம் இருக்கிறது, அது இறந்த செல்களை நீக்கும் என்று டப்பாவில் எழுதியிருப்பதாகத் தங்கச்சி சொல்கிறார். கிளைகாலிக் அமிலம் கரும்புச் சாற்றில் சிறிதளவு உண்டு. ஆனால் வெள்ளைச் சீனி என்பது அந்தச் சாற்றிலிருந்து மற்றவற்றை எல்லாம் நீக்கி எடுத்த சுக்ரோஸ். தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் கிளைகாலிக் அமிலம் பெரும்பாலும் ஆலையில் தனியாகச் செய்யப்படுவது. அதற்குக் குறிப்பிட்ட செறிவும் அமிலத்தன்மையும் இருந்தால்தான் வேலை செய்யும். சீனியைத் தோலில் எவ்வளவு தேய்த்தாலும் அது கிளைகாலிக் அமிலமாக மாறுவதில்லை. தோலில் நடப்பது உராய்வு மட்டுமே. அதை உராய்வு என்றே எழுதி விற்றால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

டப்பாவுக்குள் ஈரக் கையை விடாதீர்கள். நீரே இல்லாத சீனியும் எண்ணெயும் கெடுவது அரிது. குளியலறையில் சொட்டுச் சொட்டாக நீர் சேர்ந்தால் மேலே பாகு ஊறி, பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். உலர்ந்த கரண்டியால் எடுத்துக்கொண்டு மூடிவிடுவது நல்லது. மூடி தளர்ந்திருந்தால் எறும்பு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் வந்து சேரும்.

பொருநைக்கரை, 3 மே 2024, இரவு 8.15

தங்கச்சியின் அடுத்த கேள்வி முக்கியமானது. அவருடைய அம்மாவுக்கு நீரிழிவு இருக்கிறது, சீனியைக் காலில் தேய்த்தால் இரத்தத்தில் சர்க்கரை கூடுமா என்று அம்மா பயப்படுகிறார்.

கூடாது. புண்ணில்லாத தோலின் மேலடுக்கு சுக்ரோஸை இரத்தத்துக்குள் விடுவதில்லை. அந்தப் பயம் தேவையில்லை. ஆனாலும் அம்மா அதைத் தேய்க்க வேண்டாம் என்றே சொல்வேன். நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம், கீறல் விழுந்தாலும் வலி தெரியாது, காயம் ஆறவும் நாளாகும். வெடிப்புக்குள் சீனியும் எண்ணெயும் தங்கினால் கிருமிக்கு வசதி. அவருக்கு வேண்டியது இளஞ்சூட்டு நீரில் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, குதிகாலில் கிளிசரினோ யூரியாவோ கலந்த களிம்பைத் தடவுவதுதான். விரல்களுக்கு நடுவே களிம்பு வேண்டாம். வெடிப்பில் இரத்தம் கசிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், இங்கே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

பொருநைக்கரை, 11 மே 2024, காலை 11.10

ராதாபுரத்திலிருந்து ஒருவர், ‘உங்கள் சோப்பு ஆற்றங்கரைக்காரர்களுக்குத்தான், எங்கள் கிணற்று நீரில் நுரையே வராது’ என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வது முழுக்க முழுக்கச் சரி. இந்தக் கேள்வி வழியாகத்தான் சர்க்கரை ஒப்பனைப் பொருள்களில் செய்கிற மிகப் பெரிய வேலைக்கு வர முடிகிறது.

தாமிரபரணி நீர் மென்மையானது. குறுக்குத்துறைப் படித்துறையில் ஒரு துண்டுச் சோப்பு போதும், நுரை வழியும். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகளில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. அவை சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காகத் திரிந்து, வாளியின் உட்புறத்தில் வளையமாகவும் தலைமுடியில் பசையாகவும் ஒட்டிக்கொள்கின்றன. எந்த எண்ணெயில் செய்த சோப்பானாலும் இந்தக் குறை உண்டு. கருப்பட்டி சேர்த்தாலும் மாறாது.

நம் பாட்டிமார் அந்த நீரிலேயே தலை குளித்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை சீயக்காயும் பூந்திக்கொட்டையும். இந்த இரண்டிலும் நுரை தருவது சபோனின் என்ற பொருள். அதன் ஒரு முனையில் எண்ணெயைப் பற்றும் பகுதி, மறுமுனையில் சங்கிலியாகக் கோத்த சர்க்கரைகள். அழுக்கை எண்ணெய்முனை பிடிக்கிறது, சர்க்கரைமுனை நீரோடு போகிறது. சோப்பு மின்னேற்றம் கொண்ட முனையால் நீரோடு சேர்கிறது, கால்சியம் அந்த முனையில்தான் ஒட்டும். சபோனின் பெரும்பாலும் சர்க்கரைமுனையால் சேர்வதால் கால்சியம் அதை அவ்வளவு எளிதாகத் திரிக்க முடிவதில்லை. நகைக்கடை ஆசாரிகள் இன்றும் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் நகையைக் கழுவுவதைப் பார்க்கலாம்.

இன்றைய குழந்தை ஷாம்புகளிலும் முகம் கழுவும் திரவங்களிலும் உறையைத் திருப்பிப் பார்த்தால் டெசைல் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு என்ற பெயர்கள் தென்படும். இவை அதே கட்டமைப்பை ஆலையில் செய்துகொண்டவை. மாவுச்சத்திலிருந்து எடுத்த குளுக்கோஸை, தேங்காய் அல்லது செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த கொழுப்பு ஆல்கஹாலோடு பிணைத்தால் கிடைப்பவை. சர்க்கரையை ஆல்கஹாலோடு பிணைக்கும் இந்த வினையை எமில் ஃபிஷர் 1893இலேயே விவரித்தார். இவற்றுக்கு இனிப்பு மணமும் கிடையாது, கருப்பட்டி நிறமும் கிடையாது. விற்பவர் எவரும் உறையின் முன்பக்கத்தில் ‘சர்க்கரை’ என்று எழுதுவதும் இல்லை. என் கணக்கில், குளியலறையில் சர்க்கரை உண்மையாக உழைப்பது இந்தப் பின்பக்கப் பட்டியலில்தான்.

ராதாபுரத்துக்காரருக்கு என் பரிந்துரை இது: தலைக்கு இரவு ஊறவைத்துக் கொட்டை நீக்கிக் காய்ச்சி வடிகட்டிய பூந்திக்கொட்டை நீரும் சீயக்காயும், உடம்புக்குக் குளுக்கோசைடு சேர்ந்த திரவம். பூந்திக்கொட்டை நீர் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், குழந்தைகளுக்கு ஊற்றும்போது நெற்றியில் கையை அணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொருநைக்கரை, 12 மே 2024, காலை 6.30

நேற்றைய குறிப்போடு சேர வேண்டிய ஒன்று விட்டுப்போயிற்று. குளுக்கோசைடுகள் மென்மையானவை என்று பெயர் பெற்றவை. அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் 2017ஆம் ஆண்டின் ஒவ்வாப் பொருளாக இவற்றையே அறிவித்தது. பயன்பாடு பெருகியபோது ஒவ்வாதவர்களும் கண்ணில் படத் தொடங்கினார்கள். பெரும்பாலோருக்கு இவை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் ‘சர்க்கரையிலிருந்து வந்தது, ஆகவே யாருக்கும் ஒவ்வாமை வராது’ என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

பொருநைக்கரை, 19 மே 2024, மாலை 5.45

மேலப்பாளையத்தில் தோழியின் மகளுக்குத் திருமணம். முந்தைய நாள் மருதாணி இடும்போது பார்த்ததை இங்கே எழுதுவது பொருத்தம். கூம்பில் அடைக்கும் விழுதைக் குழைக்கும்போதே அந்தப் பெண் சிறிது சீனி சேர்த்தார். கோலம் போட்டு அரை மணி கழித்து, ஓரங்கள் காய்ந்து மெல்லிய விரிசல் விடத் தொடங்கியதும், எலுமிச்சைச் சாற்றில் கரைத்த சீனிப்பாகைப் பஞ்சில் நனைத்து, கோட்டின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை, ஒற்றினார். சிறிது நேரத்தில் விரிசல்கள் மூடி, விழுது மறுபடி பளபளத்துத் தோலோடு படிந்தது.

சிவப்பைத் தருவது இலையிலுள்ள லாசோன் என்ற பொருள், சீனிக்கு நிறம் ஏற்றும் ஆற்றல் ஒன்றும் கிடையாது. விழுது ஈரமாகத் தோலில் ஒட்டியிருக்கும் வரைதான் லாசோன் தோலுக்குள் இறங்கும். அந்த ஈரத்தையும் பிடிப்பையும் சீனி காக்கிறது. நாம் சிறு வயதில் அம்மியில் பச்சை இலையை அரைத்து விரல் நுனியில் தொப்பி போல் அப்பிக்கொண்டபோது இதெல்லாம் தேவைப்படவில்லை, ஏனென்றால் அப்பிய கனமே ஈரத்தைக் காத்தது. மெல்லிய கோடாகப் போடும்போதுதான் சீனி வேண்டும்.

ஒரே இரவில் கன்னங்கரேலென்று பிடிக்கும் ‘கறுப்பு மருதாணி’ என்று யாராவது நீட்டினால் கையைக் கொடுக்காதீர்கள். அதில் தலைச்சாயத்தில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருள் பெரும்பாலும் கலந்திருக்கும், கொப்புளம் எழுந்து வடுவாகலாம்.

பொருநைக்கரை, 20 மே 2024, இரவு 9.00

உதட்டுப் பூச்சைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இனிக்கும் உதட்டுப் பூச்சுகளில் பெரும்பாலும் சாக்கரின் போன்ற இனிப்பூட்டிதான் இருக்கும், எண்ணெயும் மெழுகுமான பூச்சில் சீனி கரையாது. இனிப்பும் மணமும் சேர்ந்தால் குழந்தைகள் நக்கிக்கொண்டே இருப்பார்கள். எச்சில் காயக் காய உதடு மேலும் வறண்டு, வாயைச் சுற்றிச் சிவந்த வளையம் விழும். குழந்தைக்கு மணமில்லாத, சுவையில்லாத பூச்சையே வாங்குங்கள், இல்லையேல் வீட்டு நெய் போதும்.

பொருநைக்கரை, 8 ஜூன் 2024, இரவு 10.40

தங்கச்சி சோப்பை வெட்டிப் படம் அனுப்பியிருக்கிறார். வெளியே கரும்பழுப்பு, நடுவே இளமஞ்சள். விற்றவரிடம் கேட்டபோது, கருப்பட்டி உண்மையாகவே சேர்த்திருப்பதாகவும் மணத்துக்கு மட்டும் ‘கொஞ்சம் எசென்ஸ்’ ஊற்றியதாகவும் சொன்னாராம். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஒரு கரண்டி கருப்பட்டியும் உள்ளே இருக்கும், வனிலினும் இருக்கும்.

இதைப் பற்றிச் சில வாரங்களாக யோசித்துவருகிறேன். முன்பு எனக்கு, கருப்பட்டி என்று சொன்னால் கருப்பட்டி இருக்க வேண்டும் என்பது மட்டுமே நியாயமாகத் தோன்றியது. இப்போது அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று தோன்றுகிறது: கருப்பட்டியை ஏன் சோப்பில் போட வேண்டும்? நுரைக்கு என்றால் ரேஷன் சீனி அதே வேலையைச் செய்யும். காரத்தில் விழுந்தபின் மணமும் போய்விடுகிறது. அதிலுள்ள தாதுக்கள் கழுவிவிடும் பொருளின் வழியாகத் தோலுக்கு எதையும் கொடுப்பதற்கு நேரமே இல்லை.

பனையேறி ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவுகிறார். பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினாலும் ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டிதான் கிடைக்கும். 1986 வரை நெல்லை மாவட்டத்தோடு இருந்த உடன்குடியின் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த பின்னும் சீனி கலந்த கருப்பட்டி அதே பெயரில் சந்தையில் ஓடுகிறது. உண்பதற்கே கலப்படமில்லாத கருப்பட்டி அரிதாக இருக்கும்போது, அதைக் காஸ்டிக் சோடாவில் கொட்டி, மணத்தை அழித்து, பிறகு அந்த மணத்தைப் புட்டியிலிருந்து திரும்ப ஊற்றுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. சோப்புக்காரர்கள் வாங்கினால் பனையேறிக்கு வருமானம் கூடும் என்று ஒருவர் வாதிட்டார். ஒரு கட்டிக்கு ஒரு சிட்டிகை வாங்குவதால் அவர் வாழ்வு மாறாது. காப்பிக்கும் பணியாரத்துக்கும் ஒரு வீடு மாதந்தோறும் நியாயமான விலைக்கு வாங்குவதுதான் அவருக்கு உதவும்.

ஆகவே என் சோப்புப் பட்டியலிலிருந்து கருப்பட்டியை எடுத்துவிட்டேன். சீனி சேர்க்கிற சோப்பில் ‘சீனி, நுரைக்காக’ என்று எழுதுகிறேன். வாசனை சேர்த்தால் என்ன வாசனை என்று பெயரோடு எழுதுகிறேன்.

பொருநைக்கரை, 9 ஜூன் 2024, காலை 7.20

மீதமுள்ள கட்டியை என்ன செய்வது என்று தங்கச்சி கேட்கிறார். தூக்கி எறிய வேண்டாம். முழங்கையின் உட்புறத்தில் சிறிய இடத்தில் தினமும் இரு வேளை நுரையைத் தடவிக் கழுவி ஒரு வாரம் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் கைகழுவப் பயன்படுத்துங்கள். அரிப்பு வந்தால் நிறுத்திவிட்டு, உறையைப் பத்திரப்படுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்கிரப் டப்பா குதிகாலுக்கு மட்டும். அம்மாவின் காலுக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள்.